செக்ரோலில் இல்லாத பெயர்

ஜூன் 9, ஹட்டன்
வாடிக்கையாளர் ஒருவருக்கு விலைப்பட்டியலை அனுப்பி இன்றோடு 11 நாட்கள் ஆகின்றன. இரவு தொலைபேசியில் கேட்டபோதுதான், நம் மின்னஞ்சல் தமது ஸ்பாம் பெட்டிக்குள் கிடப்பதை அவர் கண்டுபிடித்தார். வாசித்துவிட்டுப் பதில் எழுதுவதாகச் சொன்னார்.

ஜூன் 10
கோளாறு எஸ்பிஎஃப் பதிவில் இருந்தது. நம் டொமைனின், அதாவது முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயரின், பெயரால் மடல் அனுப்ப எந்தச் சேவையகங்களுக்கு உரிமை உண்டு என்று டிஎன்எஸ் என்னும் இணையப் பெயர்ப் பதிவேட்டில் எழுதிவைக்கும் ஒற்றை வரி அது. தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் பெயர்களைப் பதியும் செக்ரோலைப் போல. பெயர் அதில் இல்லையென்றால் எவ்வளவு கொழுந்து எடுத்துவந்தாலும் கணக்கில் ஏறாது. நமக்கோ இரண்டு செக்ரோல்கள் இருந்தன: பழைய ஹோஸ்டிங்காரர் எழுதியது ஒன்று, அஞ்சல் சேவையை மாற்றியபோது நான் எழுதியது மற்றொன்று. இரண்டைக் கண்டால் பெறுகின்ற சேவையகம் நல்லதைப் பொறுக்கி எடுக்காது. பிழையென்று இரண்டையுமே தள்ளிவிடும். பழையதை அழித்தேன்.

ஜூன் 11
மின்சாரம் இல்லை. பதிலும் இல்லை.

ஜூன் 12
டிகேஐஎம்முக்கே பகல் முழுவதும் போயிற்று. சேவையகம் தன் இரகசியச் சாவியால் ஒவ்வொரு மடலிலும் ஒப்பமிடும். அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவியை நாம் டிஎன்எஸ்ஸில் வைக்க வேண்டும். அங்கே ஒரே தொடராக எழுதும் சரத்துக்கு 255 எழுத்துகளே எல்லை என்பதால் 2048 பிட் சாவியை இரண்டாக முறித்தேன். முறித்த இடத்தில் இடைவெளி ஏதும் நுழைந்துவிட்டதோ என்று, கொழுந்தில் முற்றிய இலை பொறுக்குவதைப் போல எழுத்தெழுத்தாகத் தேடினேன். பிழை அங்கே இல்லை. பெயர்க் கட்டத்தில் டொமைனையும் சேர்த்து முழுமையாக எழுதியிருந்தேன்; கட்டுப்பாட்டுப் பலகை தானும் ஒருமுறை அதை ஒட்டிவிட, பெயருக்கு இரண்டு வால்கள் முளைத்திருந்தன.
தேநீர் கொண்டுவந்த அம்மா, "அவரு எழுதிட்டாராப்பா?" என்றார்.

ஜூன் 13
டிமார்க்கும் ஏற்றியாயிற்று. எஸ்பிஎஃப்போ டிகேஐஎம்மோ தேறுவதோடு, தேறிய டொமைனும் வாசிப்பவர் காணும் அனுப்புநர் டொமைனும் ஒத்திருக்க வேண்டும் என்பது அதன் கணக்கு. தேறாத மடலைச் சும்மா விடு, ஒதுக்கு, மறு என மூன்று கட்டளைகள் உண்டு. தம்பி ஒரேயடியாக மறுக்கச் சொன்னான். அவனுக்கென்ன, நான் முதலாவதோடு நின்றுகொண்டேன். 2024 பெப்ரவரி முதல், ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5000 மடல்களுக்கு மேல் அனுப்புவோரிடம் கூகுள் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் கேட்கிறது. நாம் ஐந்து அனுப்பினாலே பெரிது. இருந்தாலும் முன்பின் தெரியாத டொமைனுக்கு மூன்றும் இருப்பது நல்லது.

ஜூன் 15
மடல்களைப் பெறும் சேவையகத்திடமிருந்து டிமார்க்கின் முதல் அறிக்கை வந்தது. 14 மடல்களில் 3 தேறவில்லை. நம் பெயரில் எவனோ எழுதுகிறான் என்று கை நடுங்கியது. அவற்றை அனுப்பிய சேவையகத்தின் ஐபி எண்ணைத் தேடிப்பார்த்தால், நாம் மாதாமாதம் பணம் கட்டும் பற்றுச்சீட்டு மென்பொருள்! அதைச் செக்ரோலில் சேர்க்க மறந்தது நான்தான். தம்பி பேச்சைக் கேட்டிருந்தால் நம் பில்களை நாமே மறித்திருப்போம். அதற்கும் தனிச் சாவி வாங்கிப் பதிந்தேன்.

ஜூன் 17
என் ஜிமெயிலுக்கு அனுப்பிப் பார்த்ததில் மூன்றும் தேறின. அவருக்கு அதே பட்டியலை மறுபடி அனுப்பினால் நச்சரிப்பதாக நினைப்பாரா, அல்லது அனுப்பாவிட்டால் நமக்கு அக்கறை இல்லையென்று நினைப்பாரா? ஸ்பாமிலிருந்து எடுத்த மடலை அவர் உண்மையில் வாசித்தாரா?

ஜூன் 18
காலை 9.40க்கு அனுப்பிவிட்டேன்.