ஊர் இல்லாத விலாசம்

தபால் பிரிக்கிற வேலையில் கண்ணைவிடக் கை சீக்கிரம் கற்றுக்கொள்ளும். பின்கோடு 6-ல் தொடங்கினால் தமிழ்நாடு, கேரளா. 5 என்றால் ஆந்திரா, தெலங்கானா, கர்நாடகா. 9-க்கு மட்டும் ஊர் கிடையாது, அது ராணுவம். ஏ.பி.ஓ. என்றால் ராணுவத் தபால் நிலையம்; '56 ஏ.பி.ஓ.' என்று இருந்தால் டெல்லி பை, '99 ஏ.பி.ஓ.' என்றால் கல்கத்தா பை. அதற்கு மேல் எந்த மலைக்குப் போகிறது என்று நமக்குத் தெரியக்கூடாது. அதற்காகத்தான் அந்த எண்ணே.

நான் சென்னையில் நைட் செட்டில் சேர்ந்தபோது என் கூட்டாளி ஏற்கெனவே பட்டாளத்தில் இருந்தான். வியாசர்பாடியில் பத்தாவது வரை ஒரே பெஞ்ச். ஆள் எடுப்புக்கு இரண்டு பேரும்தான் போனோம். 1,600 மீட்டர் ஓட்டத்தில் நான்கூடத் தேறிவிட்டேன். மூச்சை இழுத்தால் மார்பு 5 செ.மீ. விரிய வேண்டும், எனக்கு மூன்றுதான் விரிந்தது. அவன் டிரைவராகப் போனான், நான் பரீட்சை எழுதித் தபாலுக்கு வந்தேன்.

1999 ஜனவரியில் லீவில் வந்திருந்தான். சேப்பாக்கத்தில் பாகிஸ்தானோடு டெஸ்ட். நாலாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, சச்சின் 136 அடித்து அவுட்டானபோது ஜெயிக்க இன்னும் 17 ரன்தான். மீதி மூன்று விக்கெட்டும் 4 ரன்னில் போச்சு. 12 ரன்னில் தோல்வி. வாசிம் அக்ரம் தன் ஆட்களோடு மைதானத்தைச் சுற்றி வந்தபோது மொத்த ஸ்டாண்டும் எழுந்து நின்று கை தட்டியது. நான் உட்கார்ந்தே இருந்தேன். "நல்லா ஆடினாங்கடா, எந்திரி" என்று சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினான். பட்டாளத்துக்காரன் அவன், கோபம் எனக்கு!

மே மாதம் கார்கில். மேலே டோலோலிங் மலையில் உட்கார்ந்துகொண்டு பாகிஸ்தான்காரர்கள் ஸ்ரீநகர்–லே சாலையைக் குறி வைத்தார்கள். லாரிகள் ராத்திரியில், ஹெட்லைட் போடாமல் போகும். இதெல்லாம் பேப்பரில் படித்ததுதான், அவன் எழுதியதில்லை. "குளிருது, சோறு பரவாயில்லை, ஸ்கோர் எழுது" என்பதோடு அவன் இன்லேண்ட் லெட்டர் முடிந்துவிடும்.

அப்போது இங்கிலாந்தில் உலகக்கோப்பை. ஜூன் 8, மான்செஸ்டரில் நாம் பாகிஸ்தானை 47 ரன்னில் ஜெயித்தோம், வெங்கடேஷ் பிரசாத்துக்கு 5 விக்கெட். மறுநாளே எழுதினேன்: "இந்தத் தடவை நான் எந்திரிச்சுட்டேன்டா." ராத்திரி டியூட்டியில் என் கையாலேயே டெல்லி பையில் போட்டேன்.

ஜூன் 13-ல் டோலோலிங் நம் கைக்கு வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பே அவன் லாரி மேல் ஷெல் விழுந்துவிட்டது.

முந்தைய போர்களில் பெரும்பாலும் அங்கேயே தகனம் செய்துவிடுவார்களாம். கார்கிலில்தான் ஊருக்கு அனுப்பினார்கள். கொடி போர்த்திய பெட்டி எங்கள் தெருவில் திரும்ப முடியாமல் நின்றது. அவன் இருந்தவரை அந்தப் பக்கம் தலைகாட்டாதவர்கள் எல்லாம் மாலையோடு வந்தார்கள். டி.வி.யில் மலை பிடித்தவர்களைத்தான் காட்டினார்கள். அதில் தப்பில்லை. ஆனால் அவன் அம்மா என்னிடம் கேட்டதற்குத்தான் பதில் இல்லை: "ஏம்பா, வண்டி ஓட்டினவன்தானே, அவனை ஏன் சுட்டாங்க?"

ஜூலைக் கடைசியில் ஒரு ராத்திரி, கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தபோது என் கையெழுத்தே எனக்கு எதிரில் வந்தது. விலாசத்தைச் சிவப்பு மையில் அடித்து, ஓரத்தில் இங்கிலீஷில் ஒரே வரி: பெறுநர் காலமானார், அனுப்பியவருக்குத் திருப்பவும். மடித்து ஒட்டிய இடம் பிரிபடவில்லை.

பாக்கெட்டில் போட்டுக்கொண்டிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் கை பழகிவிட்டதே, அது தானாகப் போய்ச் சென்னை-39 அறையில் செருகிவிட்டது. மறுநாள் மத்தியானம் தூங்கிக்கொண்டிருந்தபோது போஸ்ட்மேன் கதவைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். "உங்க லெட்டர்தான் சார், ரிட்டர்ன்."

போன வாரம் புதிதாகச் சேர்ந்த பையன் ஒரு கவரைத் தூக்கிக் காட்டினான்.

"சார், 56 ஏ.பி.ஓ.ன்னு போட்டிருக்கு. இது எந்த ஊரு?"

"டெல்லி பையில போடுப்பா" என்றேன்.