ஒரே ஒரு ஆட்டுக்குட்டி

பாடசாலை நினைவு மலர்க் குழுவிலிருந்து ஒரு கட்டுரை கேட்டுத் தொலைபேசியில் பேசியபோது விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா, பின்வாங்கில் நடந்த கூத்துகள் என்று எதையாவது எழுதி அனுப்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அதெல்லாம் வேறு பலர் என்னைவிடச் சுவையாக எழுதுவார்கள். என்னிடம் வேறொரு கதை இருக்கிறது. நாற்பது வருஷத்துக்கு மேலாக எழுதாமல் வைத்திருந்தது. அதை எழுத ஒருவருடைய சம்மதம் வேண்டியிருந்தது. போன மாதம்தான் கிடைத்தது.

பத்தாம் வகுப்பில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு சஞ்சிகை நடத்தினோம். பாடசாலைக் கந்தோரில் பிரதியெடுக்கிற பழைய ரோனியோ மெஷினைச் சனிக்கிழமைகளில் பாவிக்க விட்டார்கள். மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளில் இரும்பு எழுத்தாணியால் எழுத வேண்டும். மெல்ல எழுதினால் மை இறங்காது, அழுத்தினால் தாள் கிழியும். தமிழில் எவ்வளவு சுழி இருக்கிறது என்று அப்போதுதான் கைக்குத் தெரிந்தது. 'ஏ', 'ண', 'லை' என்று வரும் இடங்களில் சுழியின் நடுத்துண்டு பொட்டாகக் கழன்று விழும். தாளில் அந்த இடம் கறுத்த புள்ளியாக வந்து நிற்கும். ஆகவே 'ஏழை' என்ற சொல் எங்கள் சஞ்சிகையில் எப்போதும் மைப்பொட்டோடுதான் வெளிவந்தது. நான் அந்தச் சொல்லைத் தாராளமாகப் பாவித்தேன்.

அந்தத் தவணை சமயபாடத்தில் வேதாகமத்தின் ஆமோஸ் புத்தகம் ஓடிக்கொண்டிருந்தது. மாஸ்டர் குரலை உயர்த்தாமல் வாசிப்பார். வாசித்தால் போதும், விளக்கம் பிறகு பார்க்கலாம் என்பது அவருடைய கொள்கை. 'உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று' என்று கடவுளே சொல்கிறார் என்று கேட்டபோது, பாடகர் குழுவில் நின்று தொண்டை கிழியப் பாடிவிட்டு வந்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எளியவனை ஒரு சோடி பாதரட்சைக்கு விற்றுப்போட்டவர்களைப் பெயர் சொல்லித் திட்டாத குறையாகத் திட்டுகிற ஆமோஸ் என்கிற இந்த மனிதர் குருவுமல்ல, தீர்க்கதரிசியின் மகனுமல்ல. மந்தை மேய்த்தவர், காட்டத்திப் பழம் பொறுக்கியவர். பெத்தேலின் ஆசாரியன் அவரை யூதாவுக்கு ஓடிப்போ என்று விரட்டுகிறான். பதினைந்து வயதில் இதைவிட வேறென்ன வேண்டும்? எழுதினால் இப்படித்தான் எழுத வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

விஷயமும் கையெட்டும் தூரத்தில் கிடைத்தது. கட்டணம் கட்டாத பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே நிறுத்தி வைக்கிற வழக்கம் அப்போது இருந்தது. என் பக்கத்து இருக்கைக்காரன் அந்தத் தவணையில் பாதி நாள் வெளியில்தான் நின்றான். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கரும்பலகையைப் பார்த்தபடி, அட்சர கணிதத்தை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு நிற்பான். கேட்டால் 'வெள்ளிக்கிழமை கொண்டுவாறன் சேர்' என்பான். ஒவ்வொரு கிழமையும் அதே வெள்ளிக்கிழமை. உண்மையில் வீட்டில் காசே இல்லை என்பதை என்னிடம் மட்டும் ஒருநாள் சொல்லியிருந்தான்.

எழுதினேன். ஜன்னல் கம்பி, முணுமுணுப்பு, வராத வெள்ளிக்கிழமை எல்லாம் அதில் இருந்தன. அப்படிச் சொல்லச் சொல்லித் தாய்தான் அவனுக்குப் பொய் பழக்கி அனுப்புகிறாள், வறுமை ஒரு நல்ல தாயை எங்கே கொண்டுபோய் விட்டது பாருங்கள் என்று ஒரு பந்தியும் சேர்த்தேன். முடிவில் ஆமோஸ்: 'நியாயம் தண்ணீரைப்போலவும், நீதி வற்றாத நதியைப்போலவும் புரளக்கடவது.' பெயர் போடவில்லை. போட வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அந்தத் தவணை அந்த ஜன்னலில் நின்றவன் ஒருவன்தான்.

கட்டுரை பலித்தது என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு கிழமைக்குள் வெளியில் நிறுத்துகிற வழக்கம் நின்றுவிட்டது. ஆசிரியர்கள் முதுகில் தட்டினார்கள். பெரிய வகுப்பு அண்ணாமார் நின்று கதைத்தார்கள். அவன் மட்டும் இருக்கையை மாற்றிக்கொண்டு போய்விட்டான். மூன்றாம் நாள் சைக்கிள் கொட்டகையில் வழிமறித்துக் கேட்டேன்.

"ஆரைக் கேட்டு எழுதினனீ?" என்றான்.

"நான் உனக்காகத்தானே..."

"நீ எழுதினதைப் பொய் எண்டு நான் சொல்லேல்லை. ஆனா அது என்ர."

அதற்குப் பிறகு பாடசாலை முடியும்வரை எங்களுக்குள் கதை இல்லை.

எனக்குக் கோபம்தான் வந்தது. நன்மை செய்தவனுக்கு இதுதான் கூலியா என்கிற கோபம். மாஸ்டரிடம் முறையிடப் போனேன். அவர் சஞ்சிகையைக் கையில் வைத்துக்கொண்டு, "ஆமோஸ் நல்லா வந்திருக்கு. ரெண்டு சாமுவேல் பன்னிரண்டு வாசிச்சனீயோ?" என்றார். வேதாகமத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார். வாசித்தேன். ஊரிலே இரண்டு மனிதர். ஐசுவரியவானுக்கு ஆடுமாடுகள் வெகு திரள். தரித்திரனுக்கு ஒரே ஒரு சின்ன ஆட்டுக்குட்டி. அது 'அவன் மடியிலே படுத்துக்கொண்டு, அவனுக்கு ஒரு மகளைப்போல இருந்தது'. விருந்தாளி வந்தபோது ஐசுவரியவான் தன் மந்தையைத் தொடாமல் அந்தக் குட்டியைப் பிடித்துச் சமைக்கிறான். தீர்க்கதரிசி நாத்தான் சொன்ன இந்தக் கதையைக் கேட்ட தாவீது ராஜாவுக்கு ஆத்திரம் பொங்குகிறது. இவன் சாக வேண்டியவன், நாலத்தனை திரும்பக் கட்ட வேண்டும் என்கிறான்.

"தாவீதுக்குக் கோபம் வந்தது சரியோ?" மாஸ்டர் கேட்டார்.

"ஓம் சேர். அநியாயம்தானே."

"அநியாயம்தான். ஆனா வேற ஆரோ செய்தது எண்டு நினைச்சபடியாத்தான் அவ்வளவு கோபம்."

அடுத்த வசனத்தை அவர் வாசிக்கச் சொல்லவில்லை. 'நீயே அந்த மனுஷன்.' அது கண்ணில் பட்டுவிட்டது. எனக்கு எழுத எத்தனையோ விஷயம் இருந்தது. அவனிடம் இருந்தது அந்த ஒன்றுதான், யாருக்கும் காட்டாமல் மடியில் வைத்திருந்தது. என் விருந்தாளிகளுக்கு நான் அதை அடித்துச் சமைத்துப் போட்டிருந்தேன்.

இங்கே கதை திருந்தி முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நடந்தது வேறு. புலம்பெயர்ந்து வந்த பிறகு நான் நிறைய எழுதினேன்: தேவாலயச் செய்தி மடல்களில் திருவருகைக்காலத் தியானங்கள், பாமாலைகள் பற்றிய குறிப்புகள், சிறுகதைகள். ஒருவர் மனமும் நோகாத எழுத்து. அநியாயம் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டால் 'மற்றவர்களின் வலியை எழுத எனக்கு உரிமையில்லை' என்று பணிவாகச் சொல்லிவிடுவேன். அது பணிவு என்று நானும் நம்பினேன். பிறகு மார்ட்டின் லூதர் கிங் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தைப் படித்தேன். 1963 ஏப்ரல் 16 திகதியிட்டது. பத்திரிகைத் தாளின் ஓரங்களில் எழுதத் தொடங்கியது. எழுதப்பட்டது எதிரிகளுக்கல்ல, போராட்டம் விவேகமற்றது, நேரம் சரியில்லை என்று அறிக்கைவிட்ட எட்டு மதகுருமாருக்கு. அவர்களும் பண்பானவர்கள். அவர்களும் ஒருவர் மனமும் நோகாமல் எழுதத் தெரிந்தவர்கள். அந்த எட்டுப் பேரோடு ஒன்பதாவதாக நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன் என்று பட்டது.

திருடாமலும், வாய்மூடி இருக்காமலும் எழுதுவது எப்படி? என்னை நகர்த்தியவர் ஒலாடா எக்குயானோ. அடிமையாக விற்கப்பட்டவர், 1766இல் தன் விடுதலையைத் தானே காசு கொடுத்து வாங்கியவர், ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவர். 1789இல் இலண்டனில் வந்த அவருடைய வாழ்க்கை வரலாற்றின் தலைப்பிலேயே 'அவரே எழுதியது' என்று போட்டிருக்கிறது. அடிமைகளுக்காக இரங்கி எழுதிய நல்லவர்கள் அந்தக் காலத்தில் இல்லாமலில்லை. ஆனால் அந்த இரண்டு சொல்லையும் அவர்களால் அட்டையில் போட்டிருக்க முடியாது. பிரித்தானியா அடிமை வியாபாரத்தைத் தடைசெய்தது 1807இல். அவர் 1797இலேயே இறந்துவிட்டார். அந்தத் தலைப்புப் பக்கத்தைப் பார்த்தபோது எனக்குச் சைக்கிள் கொட்டகைதான் ஞாபகம் வந்தது.

நம்மவர்களில் மாயூரத்தில் முன்சீப் என்கிற நீதிபதியாக இருந்த வேதநாயகம் பிள்ளையைச் சொல்வேன். கத்தோலிக்கர், நாவலாசிரியர் என்று பாடப்புத்தகம் நிறுத்திக்கொள்ளும். 1805 முதல் 1861 வரையான மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்புகளை அவர் தமிழில் தந்தார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. தன்னைப் பற்றி மேலிடத்தில் என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதை வழக்காளி தன் மொழியில் வாசிக்க வழி செய்தவர். அதைச் செய்ய நாவல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இருந்தும் அவருக்கு இரண்டும் தெரிந்திருந்தது.

இப்போது நான் செய்வது பெரும்பாலும் எழுத்தர் வேலை. அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர்கள், சம்பளம் கொடுக்காமல் ஏமாற்றப்பட்டவர்கள் ஆலய மண்டபத்துக்கு வருவார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுவேன். வேதாகமத்தில் தீர்க்கதரிசி எரேமியாவின் எழுத்தன் பாருக்கிடம், இதையெல்லாம் எப்படி எழுதினாய் என்று பிரபுக்கள் விசாரிக்கிறார்கள். அவன் கொடுத்த பதிலில் பெருமை துளியும் இல்லை: அவர் வாயினால் சொன்னார், 'நான் மையினால் புஸ்தகத்தில் எழுதினேன்'. எழுதி முடித்ததும் திரும்ப வாசித்துக் காட்டுவேன். "இதை எடுத்துவிடுங்கோ அண்ணை" என்றால் எடுத்துவிட வேண்டும். மிக அழகாக வந்த வாக்கியத்தைத்தான் பெரும்பாலும் எடுக்கச் சொல்வார்கள். அது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

அந்த ஜன்னலில் நின்றவனைப் பிறகு தேடிப் பிடித்தேன். வேறொரு நாட்டில் இருக்கிறான். மன்னிப்புக் கேட்டது, அவன் சிரித்தது எல்லாம் இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. போன மாதம் இந்தக் கட்டுரையைத் தொலைபேசியில் அவனுக்கு வாசித்துக் காட்டினேன். வெள்ளிக்கிழமைப் பந்தி வந்ததும் நிறுத்தச் சொன்னான்.

"அம்மா அப்பிடி ஒண்டும் சொல்லித் தரேல்லை மச்சான். வெள்ளிக்கிழமை எண்டது என்ர கதை. நான் வெளியில நிக்கிறதே அவவுக்குத் தெரியாது. உன்ர சஞ்சிகையை ஆரோ கொண்டுபோய்க் காட்டித்தான் தெரிஞ்சது."

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. தாயார் காலமாகிப் பத்து வருஷம் என்றான். அந்தப் பந்தியை முழுக்க எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம், இருக்கட்டும். நான் இப்ப சொன்னதையும் சேர்த்துப் போடு" என்றான். வேறோர் இடத்தில் ஒரு வாக்கியத்தை மட்டும் எடுக்கச் சொன்னான். எடுத்துவிட்டேன்.