மஞ்சள் பட்டை

தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையின் மூன்றாவது மாடியில் சூப்பர்வைசராக இருந்தேன். தீபாவளி நெருங்கினால் கோடவுனில் இடம் போதாது. சேலைப் பெட்டிகளை மாடியிலேயே பிரிப்போம். பெட்டியை இறுக்கிக் கட்டியிருக்கும் மஞ்சள் பிளாஸ்டிக் பட்டையை யாரும் வெட்டுவதில்லை, அப்படியே உருவிப் போடுவோம். அது தரையில் வளையமாகக் கிடக்கும். ஒரு கால் அதன் ஓரத்தை மிதித்தால் மறுபக்கம் எழும்பி நிற்கும். அடுத்த கால் நேரே அதற்குள் போய்விடும்.

அந்தப் பெண் தென்காசிப் பக்கம். ஆடிக் கடைசியில் வேலைக்குச் சேர்ந்தவள். மோவாய் வரை சேலையை அடுக்கித் தூக்கி வந்தாள், காலடி தெரிய வழியே இல்லை. காலை ஒன்பதரையிலிருந்து நின்ற கால் வேறு. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டம் திருத்தியாயிற்று. எங்கள் மாடியிலும் ஸ்டூல் இருந்தது. சீசனில் அதன் மேலும் சேலைதான். விழும்போதுகூட அவள் சேலையை விடவில்லை. முழங்கை டைல்ஸில் மோதிய சத்தம் பில் கவுண்டர் வரை கேட்டது.

"பார்த்து நடக்கக் கூடாதாம்மா?" என்றார் மேனேஜர். அப்புறம் என்னைத் தனியே கூப்பிட்டு, ஹாஸ்டல் பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாக இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டு ஆஸ்பத்திரியில் சொல்லச் சொன்னார். அதை அவளிடம் போய்ச் சொன்னவன் நான்.

அதன் விலை எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வேலையில் பட்ட காயம் என்றால் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உரிமை உண்டு. வேலைக்கு வர முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். பாத்ரூமில் விழுந்தால் அது நோய்க் கணக்கு. 70 சதவீதம்தான், அதற்கும் ஆறு மாதத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர் ஒன்பது மாதம் காத்திருக்கவும் வேண்டும். மூன்று மாதம்கூட முடியாத அவளுக்கு ஒரு ரூபாய் வரவில்லை.

ஊருக்குக் கிளம்பும்போது, "அண்ணே, அந்தப் பட்டைய வெட்டிப் போடச் சொல்லுங்க. வேற பிள்ள விழுந்திரும்" என்றாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இப்போது வேறு கடையில் இருக்கிறேன். போன மாதம் ஒரு பையன் மாப் போட்ட ஈரத்தில் வழுக்கி விழுந்தான். சின்னச் சிராய்ப்புதான். விழுந்த நேரம், இடம், தரை காயும்வரை யாரும் வராமல் பார்க்க ஆளை நிறுத்தாதது எல்லாவற்றையும் விபத்துப் புத்தகத்தில் எழுதி, அவனிடம் வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினேன்.