மதிப்பீட்டுத் தாளுக்கு வெளியே

கிளிநொச்சி, 2025 பெப்ரவரி 9

மார்பகக் குறைப்புச் சத்திரசிகிச்சையை அழகுக்கான ஆசை என்று நினைப்பவர்களுக்கு, பிராப் பட்டி என் தோள்களில் பதித்த பள்ளங்களைக் காட்டிக்கொண்டிருக்க முடியாது. கழுத்துவலிக்காகவும், மார்பின் கீழ் மடிப்பில் வெயில் காலம் முழுவதும் ஆறாத புண்ணுக்காகவும், கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் இறுகிப்போகும் தோளுக்காகவுமே இதைச் செய்ய எண்ணியிருக்கிறேன். காலபோக நெல் விற்ற பணம் வீட்டுத் தேவைகளுக்குள் கரைவதற்கு முன் செலவை அறிந்துகொள்ள வேண்டும்.

பெப்ரவரி 16

கொழும்பிலுள்ள தனியார் வைத்தியசாலை ஒன்றிலிருந்து மதிப்பீடு வந்தது. சத்திரசிகிச்சை நிபுணர், மயக்கமருந்து நிபுணர், சத்திரசிகிச்சைத் தியேட்டர், ஓரிரவு விடுதி எல்லாம் சேர்த்து ஒரே தொகை. அதில் இல்லாதவற்றைத் தேடிப் பார்த்தேன். முன்கூட்டியே நிபுணரைச் சனல் பண்ணும் (பணம் கட்டித் தனியாகச் சந்திக்கும்) கட்டணம், இரத்தப் பரிசோதனைகள், ஈ.சீ.ஜீ., நாற்பதைத் தாண்டியவள் என்பதால் மமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே, அகற்றிய திசுவில் புற்றுநோய் உண்டா என்று பார்க்கும் ஆய்வுகூடச் சோதனை, பின்னர் வாரக்கணக்கில் அணியவேண்டிய இறுக்கமான பிரா, மருந்து கட்டும் செலவு ஆகியவை எல்லாம் வேறு. உள்ளே இரத்தம் கட்டி மறுபடியும் தியேட்டருக்குள் போக நேர்ந்தால் அது யார் கணக்கு என்பதற்கும் பதில் இல்லை.

தொகையை இங்கே எழுதாமல் விடுகிறேன். உடல்வாகு, அகற்றவேண்டிய அளவு, தங்கும் நாட்கள் ஆகியவற்றால் அது ஆளுக்கு ஆள் மாறும். மேலும், 2022 இல் டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியதைக் கண்டவர்களுக்கு, இறக்குமதி மருந்தையும் தையல் நூலையும் நம்பிய மதிப்பீடு எவ்வளவு காலம் செல்லும் என்று தெரியும். அமெரிக்கப் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சையாளர் சங்கம் வெளியிடும் சராசரிக் கட்டணமும் நிபுணரின் கூலி மட்டுமே. மயக்கமருந்தும் தியேட்டரும் அதில் சேராது. இணையத்தில் அந்த எண்ணைக் கண்டு ரூபாயால் பெருக்கிப் பார்ப்பதில் பயனில்லை.

பெப்ரவரி 23

ரொறன்ரோவிலிருந்து அக்கா பேசினாள். ஒன்ராறியோவில் முன் அனுமதி பெற்றால் மாகாணக் காப்புறுதியே இதற்குப் பணம் கட்டுகிறது. அமெரிக்காவில் காப்புறுதி நிறுவனங்கள் கிராம் கணக்குப் பார்க்கின்றன: உடற்பரப்புக்கு ஏற்ப எவ்வளவு திசு அகற்றப்பட வேண்டும் என்று 1991 இல் வெளியான ஷ்னூர் அட்டவணையைச் சில நிறுவனங்களும், ஒரு பக்கத்துக்கு 500 கிராம் என்ற எல்லையை வேறு சிலவும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. சிறிய உடம்புக்காரியின் வலியை எந்தத் தராசில் நிறுப்பார்களோ!

“காசை நான் அனுப்புறன், நீ யோசிக்காதை” என்றாள் அக்கா. யோசிக்கவேண்டியது காசை மட்டுமல்ல என்று அவளுக்குச் சொல்லவில்லை.

மார்ச் 8

அரச வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. இங்குள்ள கிளினிக்கில் கடிதம் வாங்கி, பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைப் பிரிவுள்ள பெரிய வைத்தியசாலைக்குப் போகவேண்டும். அங்கே தீக்காயமும் விபத்தும் புற்றுநோயும் எனக்கு முன்னே நிற்கும். அது நியாயமே. பஸ், துணைக்கு வருபவர் தங்கும் இடம், கையிருப்பில் இல்லாமல் வெளியே வாங்கச் சொல்லும் மருந்து ஆகியவை நம் பொறுப்பு.

மார்ச் 15

இரண்டு முதல் நான்கு மணித்தியாலத்தில் சத்திரசிகிச்சை முடிந்துவிடும். அதன்பின் நான்கு முதல் ஆறு கிழமைகள் பாரம் தூக்கக் கூடாது என்பதை நகரத்துக்காரர்கள் ஓய்வு என்று எடுத்துக்கொள்ளலாம். எங்கள் வளவில் அதற்கு வேறு பொருள்: கிணற்றில் வாளி இழுக்க முடியாது, மாட்டுக்குப் புல் சுமக்க முடியாது, விறகு எடுக்க முடியாது, முழங்காலுக்கு வாதம் பிடித்த அம்மாவைக் கட்டிலிலிருந்து தூக்கிவிட முடியாது. பாடசாலையில் மருத்துவ விடுமுறை எடுத்தாலும் சம்பளம் வரும். ஆனால் மாலை வகுப்புப் பணம் நின்றுவிடும். அம்மாவைப் பார்க்கக் கூலிக்கு ஆள் வைத்தால் அதற்கொரு தொகை. இவற்றையெல்லாம் கூட்டியபோது, இலவசமாகச் செய்தாலும் இது இலவசமல்ல என்று தெரிந்தது. வெட்டுக்கோடுகள் சந்திக்கும் இடத்தில் காயம் ஆறப் பிந்துவது அபூர்வமல்ல என்பதால், ஆறு கிழமையை எட்டாகவே எழுதிவைத்தேன்.

மார்ச் 23

எடை கூடினாலோ மறுபடி கருவுற்றாலோ மார்பு திரும்பப் பெருக்கலாம். அப்போது இரண்டாம் முறை செலவு. பாலூட்டும் திறனும் முலைக்காம்பின் உணர்வும் குறையக்கூடும். எனக்குப் பிள்ளைப்பேறு முடிந்துவிட்டது. இதே வலியுள்ள தங்கச்சிக்கு இன்னும் கல்யாணமாகவில்லை. ஆகவே அவளுடைய கணக்கு என்னுடையதல்ல.

ஏப்ரல் 6

அரச வைத்தியசாலையின் காத்திருப்புப் பட்டியலில் பெயரைப் பதிய முடிவுசெய்தேன். தனியார் வைத்தியசாலைக்கு, மறுபடி தியேட்டருக்குப் போனால் யார் செலவு, திசுச் சோதனையும் பின்பார்வைச் சந்திப்புகளும் தொகைக்குள் அடங்குமா, மதிப்பீடு எத்திகதி வரை செல்லும் என்று எழுத்தில் கேட்டு அனுப்பியிருக்கிறேன். அக்காவின் பணத்தில் முதலில் தண்ணீர் மோட்டர் பூட்டப்போகிறேன். இரணைமடுக் குளத்தின் கீழுள்ள வயற்காணியைச் சிறுபோகத்துக்குக் குத்தகைக்கு விடுவதாகப் பேசியாயிற்று. முள்ளியவளைச் சித்தியும் திகதி கிடைத்தவுடன் வந்து அம்மாவுடன் நிற்பதாகச் சொல்லியிருக்கிறா.