ஓரத்தை வெட்ட வேண்டாம்

காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கத்துத் தோட்டத்து வீடுகளில் பழைய படம் இருக்கிறதா என்று கேட்டால், பல இடங்களில் கல்யாணப் படத்துக்கு முன்னால் காளைப் படம் வெளியே வரும். கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு ஓட்டிப்போகும் முன் குளிப்பாட்டி, மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடித்து, பக்கவாட்டில் நிறுத்தி எடுத்த படம். திமிலில் வெயில் சரியாக விழுந்திருக்கும். கயிற்றைப் பிடித்திருக்கும் ஆளின் தலைப்பாகை பாதி வெட்டுப்பட்டிருக்கும். ஏர் ஓட்டியது, களை எடுத்தது, பட்டியில் ஆடு அடைத்தது எதையும் யாரும் படமாக எடுத்து வைக்கவில்லை. அந்தக் காலத்து ஆக்ஃபா கிளிக் 3 கேமராவில் ஒரு 120 ஃபிலிம் ரோலுக்குச் சதுரமாய் 12 படம்தான் விழும். அதில் ஒன்றைச் சாணி அள்ளுவதற்கு யார் செலவழிப்பார்கள்?

ஆனாலும் அன்றாட வாழ்க்கை படத்துக்குள் வந்திருக்கிறது, ஓரத்தில். மாப்பிள்ளைக்குப் பின்னால் சோளத்தட்டுப் போர். சுவரில் சாய்த்த கலப்பை. கிளுவை வேலியில் காயும் சேலை. நகலெடுக்கும் கடைகளில் முதலில் வெட்டி எறிவது இந்த ஓரத்தைத்தான். முகம் பெரிதாகத் தெரிய வேண்டுமாம். வீட்டுப் பழைய படங்களை ஸ்கேன் செய்து, பெயர் குறித்து வைக்கும் எங்கள் வேலைக்கு வருபவருக்கு முதல் நாள் சொல்வதும் இதுதான்: படத்தின் வெள்ளை விளிம்பையும் தாண்டி நாலு பக்கமும் அரை செ.மீ. வெற்றிடம் விட்டு எடு. முகத்தைப் பெரிதாக்கிக் கேட்டால் வேறொரு கோப்பாகச் செய்து கொடுக்கலாம்.

சுவரில் மாட்டிய படங்களைக் கழற்றுவதுதான் இருப்பதிலேயே ஆபத்தான வேலை. படத்தாளின் மேல் ஜெலட்டின் பூச்சு இருக்கிறது. ஓட்டு வீட்டில் மழைக்காலத்து ஈரம் ஏறினால் அது ஊறிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். கண்ணாடியை ஈரத்துணியால் துடைக்கும்போது சட்டத்தின் இடுக்கில் இறங்கும் தண்ணீரும் இதே வேலையைச் செய்யும். கழற்றும் முன் படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஒட்டிய இடம் நனைந்ததுபோல் கருத்துப் பளபளக்கும். ஒட்டாத இடம் சற்று வெளிறி, நடுவில் காற்று இருப்பது தெரியும். பளபளப்பு முகத்தின் மேல் இருந்தால் கழற்றவே வேண்டாம். இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும், கையில் வெறும் தாள்தான் மிஞ்சும். அப்படிப்பட்ட படத்தைக் கண்ணாடியோடு சேர்த்தே கேமராவில் எடுக்க வேண்டும். காலை 9 மணிவாக்கில், நேர்வெயில் படாத திண்ணை போதும். ஒரு கறுப்புத் துணியில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, அதன் வழியே எடுத்தால் எடுப்பவரின் பிம்பம் கண்ணாடியில் விழாது. ஃபிளாஷ் கூடவே கூடாது.

ஒட்டவில்லை என்று உறுதியானால், சட்டத்தை ஒரு துண்டின் மேல் குப்புறப் போட்டுக் குறட்டால் சின்ன ஆணிகளை ஒவ்வொன்றாக இழுங்கள். துருப்பிடித்த ஆணி பாதியில் முறியும். பரவாயில்லை, நெம்ப மட்டும் வேண்டாம். அட்டையை எடுத்ததும் பழைய செய்தித்தாள் ஒன்று மடித்து வைத்திருப்பதைப் பல சட்டங்களில் பார்க்கலாம். குப்பையில் போட்டுவிடாதீர்கள், அதில் தேதி இருக்கும். படத்தின் தேதி அதுவல்ல. அந்தச் சட்டம் அந்தத் தேதிக்கு முன் இப்படி மூடப்படவில்லை என்பது மட்டும்தான் அதிலிருந்து தெரியும். அட்டைக்கு மேல் இராமபாணப் பூச்சி அரித்த தடமும் இருக்கலாம். அதற்கு ஜெலட்டின் என்றால் சாப்பாடு. மென்மையான, காய்ந்த தூரிகையால் நடுவிலிருந்து வெளியே தள்ளிவிட்டால் போதும். தண்ணீரும் எண்ணெயும் கிட்டவே வரக்கூடாது.

ஆல்பம் என்றால், படங்களை எடுக்கும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் முழுதாக ஒரு படம் எடுத்துவிட வேண்டும். எது எதன் பக்கத்தில் இருந்தது என்பதே ஒரு தகவல். பிளாஸ்டிக் தாளைத் தூக்கி, பசைக்கோடுகளின் மேல் ஒட்டும் ஆல்பங்கள் மோசம். பசை இறுகிப் படத்தில் மஞ்சள் வரிகளை விட்டுவிடும். பல் இடுக்கில் விடும் நூலைப் படத்துக்கும் பசைக்கும் நடுவில் மெல்ல ஓட்டி எடுக்கலாம். வராவிட்டால் பக்கத்தோடே ஸ்கேன் செய்யுங்கள். லேமினேஷன் செய்த படத்துக்கு வைத்தியமே கிடையாது.

கருப்பு வெள்ளையாக இருந்தாலும் கலரில்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். அப்போதுதான் பழுப்புக் கறையைப் பின்னால் பிரித்தெடுக்க முடியும். 3 x 4 அங்குலப் படத்துக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) வைத்தால் 1800 x 2400 புள்ளிகள், சுருக்காத டிஃப் (TIFF) கோப்பு ஏறக்குறைய 13 எம்பி. 6 செ.மீ. சதுரப் படத்துக்கும் பாஸ்போர்ட் அளவுக்கும் 1200. முன்பக்கம் முடிந்ததும் பின்பக்கம், ஒன்றுமே எழுதாமல் இருந்தாலும் சரி. ஸ்டூடியோ முத்திரை சில சமயம் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். அசல் அன்று மாலைக்குள் அதே வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். ‘நாளைக்குத் தருகிறோம்’ என்ற வார்த்தையால் தொலைந்த ஆல்பங்கள் ஏராளம்.

படத்தைப் படிப்பது தனி வித்தை. காங்கயம் கன்று பிறக்கும்போது செவலை, அதாவது செந்நிறம்; ஆறு மாதவாக்கில்தான் சாம்பல் நிற மயிலையாகும். கருப்பு வெள்ளையில் தாயை விடக் கன்று கருத்துத் தெரிந்தால் அது இளங்கன்று. திமிலும் முன்னங்காலும் பின்தொடையும் இருண்டிருந்தால் இனவிருத்திக்கு விடும் பூச்சிக்காளை; காயடித்த எருதுக்கு அந்தக் கருமை மங்கிவிடும். அந்தக் காலத்து ஸ்டூடியோ ஃபிலிம்களில் ஒரு வகை சிவப்பை உணராது. சிவப்புச் சேலை அதில் கருப்பாகவே விழும். இப்போது செயலியில் போட்டுக் கலர் ஏற்றுகிறார்கள், கூறைப்புடவை பழுப்பாகி நிற்கிறது. விளையாட்டுக்குச் செய்யலாம், அசலோடு சேர்த்து வைக்காதீர்கள். கலர் படம் செம்மண்போல் சிவந்திருந்தால் அது அந்தக் காலத்து மண்ணின் நிறமல்ல. நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கிப்போனதால் வந்தது. சட்டைப் பை வலது மார்பில் இருந்தால் நெகடிவைத் திருப்பிப் போட்டு அச்சடித்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். கைக்கடிகாரத்தை மட்டும் நம்பாதீர்கள், ஸ்டூடியோவே இரவல் கொடுத்திருக்கும்.

பெயர் கேட்பதிலும் ஒரு முறை உண்டு. படத்தின் மேல் டிரேசிங் தாள் வைத்துத் தலைகளை மட்டும் கோடிட்டு எண் போடுங்கள். பிரின்ட் எடுத்த நகலின் மேல் வைத்துத்தான் கோடு போட வேண்டும். அசலில் அழுத்தினால் தடம் விழும். பெயரோடு தோட்டத்தின் பெயரையும் எழுதுங்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் ஊரில் பழனிச்சாமி என்று மட்டும் எழுதினால் மூன்று தலைமுறை குழம்பும். எடுத்த எடுப்பில் ‘இது யாருங்க?’ என்று கேட்டால் ஆத்தா ‘கண்ணு தெரியலீங் சாமி’ என்று முடித்துவிடுவார். ஓரத்தைக் காட்டி, ‘கிணத்து மேட்டுல ரெண்டு கல்லு நிக்குதே, என்னங்க ஆத்தா?’ என்று கேட்டுப் பாருங்கள். மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைத்த கவலை பேச்சில் வரும். தண்ணீர் மொள்ளும் பறியைத் தூக்கும் பெரிய கயிறும், தோல் வாலைப் பிடிக்கும் சின்னக் கயிறும் வரும். எருது சரிவில் இறங்கும்போது கயிற்றின் மேல் உட்கார்ந்து ஓட்டியவர் யார் என்று வரும். அவர்தான் படத்தில் இடது ஓரம் நிற்பவர் என்றும் வரும். பக்கத்திலேயே மோட்டார் ரூம் சுவரும் தெரிந்தால், எந்த வருடம் கரண்ட் வந்தது, யார் கல்யாணத்துக்கு முன், பின் என்று கணக்குப் போட்டுவிடலாம்.

சில பெயர்களைச் சொல்லும் முன் ஆத்தா வாசலைப் பார்ப்பார். மூத்த தாரம், பங்காளிச் சண்டையில் பிரிந்தவர், இறந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து எடுத்த படம். இதையெல்லாம் எழுதலாமா, வெளியே காட்டலாமா என்று வீட்டாரிடம் தனித்தனியாகக் கேட்டுத்தான் குறிக்க வேண்டும்.

அசலின் பின்னால் பேனா வேண்டாம், மை ஊறி முன்பக்கம் வந்துவிடும். 2பி பென்சிலால் ஓரமாக, அழுத்தாமல் எண்ணை மட்டும் எழுதினால் போதும். எண் போட்ட நகல் ஒன்றை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவது வழக்கம். விருந்தாளி யாராவது வந்து பார்ப்பார்கள். நாலைந்து நாள் கழித்து, ‘ஏழாம் நம்பர் எங்க அம்மிச்சி இல்லீங்க, அவங்க தங்கச்சி’ என்று போன் வரும். அதற்காகவே ஒவ்வொரு பெயருக்குக் கீழும் இரண்டு வரி காலியாக விட்டு வைக்கிறோம்.