கணினியைத் திறக்காத கணினிப் பாடம்

7 ஜூலை 2025, திங்கள்
பினாங்கில் இன்று பொது விடுமுறை. ஜார்ஜ்டவுன் 2008-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்த நாள். ஊரே லிட்டில் இந்தியா பக்கம் சுற்ற, நான் நாளைய பாடத்துக்குத் தலையைச் சொறிந்துகொண்டிருக்கிறேன். கணினி அறையில் பாதி கணினிகள் உயிர்பெறுவதற்குள் பாடவேளையே முடிந்துவிடும். சரி, நாளைக்கு அந்தப் பக்கமே போவதில்லை.

8 ஜூலை, செவ்வாய்
ஐந்தாம் ஆண்டு. 1 முதல் 100-க்குள் ஓர் எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டேன். அவர்கள் கேட்கலாம், நான் ‘இன்னும் பெரியது’, ‘இன்னும் சிறியது’ என்று மட்டும் சொல்வேன். ஆளாளுக்கு 7, 88, பிறந்த தேதி என்று கத்தினார்கள். அப்புறம் எப்போதும் சன்னலையே பார்த்துக்கொண்டிருக்கும் பையன் “50” என்றான். பெரியது. “75.” சிறியது. “62.” வகுப்பு அடங்கிவிட்டது. நடு எண்ணையே கேட்டால் ஒவ்வொரு முறையும் பாதி எண்கள் கழிந்துபோவதால் எந்த எண்ணானாலும் ஏழு கேள்விக்குள் பிடிபட்டுவிடும். “ஆயிரம்னா டீச்சர்?” பத்து. மலேசியாவின் மூன்று கோடிக்கு மேற்பட்ட மக்களையும் அடையாள அட்டை எண் வரிசையில் நிற்கவைத்தாலும் ஒருவரைக் கண்டுபிடிக்க 26 கேள்வி போதும் என்றதை யாரும் நம்பவில்லை, பலகையில் அவர்களே பாதி பாதியாக வகுத்துப் பார்த்தார்கள், வகுத்தல் என்றாலே முனகுகிற அதே கூட்டம்!

10 ஜூலை, வியாழன்
ஆசிரியர்களுக்கான பட்டறை. புதிதாக ஏதோ செயலி காட்டப்போகிறேன் என்று வந்தவர்களிடம் ஒரு வகுப்பின் பயிற்சிப் புத்தகங்களைக் கலைத்துக் கொடுத்து, ஒரு மாணவரின் புத்தகத்தைத் தேடச் சொன்னேன். “அடுக்காம எப்படிம்மா பாதி பாதியா தேடறது?” என்றார் மூத்த ஆசிரியை ஒருவர். அதேதான், வரிசையில் இருந்தால்தான் இந்த வித்தை பலிக்கும். கணினி என்றாலே ஒதுங்கிவிடுகிற அவர்தான் கடைசிவரை அதிகம் பேசினார். மேலிடத்தில் கேட்பதென்னவோ, எத்தனை சதவீதப் பிள்ளைகள் இணையக் கற்றல் தளத்தில் நுழைந்தார்கள் என்பதைத்தான். நுழைந்து என்ன செய்தார்கள் என்று எழுத அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை.

11 ஜூலை, வெள்ளி
அதே விளையாட்டை ஸ்கிராட்சில் (கட்டளைக் கட்டங்களை அடுக்கி நிரல் எழுதும் மென்பொருள்) செய்தோம், ஒரு கணினிக்கு இரண்டு பேர். ஒரு ஜோடிக்கு முதல் ஆட்டம் ஏழு கேள்வியில் முடிந்தது. அடுத்த ஆட்டத்தின் முதல் கேள்விக்கே எண்ணிக்கை 8 என்று காட்டியது. “கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு டீச்சர்.” கட்டளைகளை மேலிருந்து ஒவ்வொன்றாக உரக்கப் படியுங்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன் (கை பரபரத்தது, அடக்கிக்கொண்டேன்). ஆட்டத்தைத் தொடங்கும் பச்சைக் கொடியை அழுத்தியதும் எண்ணிக்கையை 0 ஆக்கும் கட்டளை விடுபட்டிருந்தது. கண்டுபிடித்த பெண் பக்கத்து மேசைகளிலும் போய்த் துழாவி, இன்னொரு ஜோடியின் அதே பிழையைப் பிடித்துவிட்டாள். அடுத்த வாரம் ஆட்டத்தைத் திருப்பப்போகிறோம், எண்ணை நாம் நினைக்க, கணினி கேட்க வேண்டும். நாம் பொய் சொன்னால் அதற்குத் தெரியுமா, தெரியாதா என்று மணி அடித்த பிறகும் வாசலில் சண்டை.