ஹைலக்ஸ் டீசல் பிக்அப்புக்கு ஒரு படி பெரிய டயர்: சுங்கை சிப்புட்டில் செய்து பார்த்த அனுபவம்

புதிதாக வாங்கிய ஹைலக்ஸ் 2.4 டீசல் பிக்அப்பில் நிறுவனமே பொருத்தி அனுப்பியிருந்த டயரின் அளவு 265/65 ஆர் 17. தார்ச்சாலைக்கு அதில் ஒரு குறையும் இல்லை. எங்கள் குடும்பத்தின் சிறு செம்பனைத் தோட்டமோ மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் நகரை விட்டு லிந்தாங் பக்கம் உள்ளே தள்ளி இருக்கிறது. குலை ஏற்றும் லோரிகள் ஓடி ஓடி அந்தச் செம்மண் பாதையில் இரு பக்கமும் ஆழமான தடங்கள் விழுந்து, நடுவில் வரப்புபோல மண் மேடிட்டு நிற்கிறது. மழை பெய்த மறுநாள் அதில் இறங்கினால் டயரின் மெல்லிய கோடுகளில் களிமண் அடைத்துக்கொள்ள, நான்கு சக்கரமும் வழுவழுப்பான உருளைகளாகிவிடும். பின் அச்சின் நடுவே கியர்களை உள்ளடக்கித் தொங்கும் டிஃபரென்ஷியல் குண்டு அந்த நடுமேட்டை உரசும் ஓசை வண்டிக்குள் இருப்பவருக்கு நன்றாகவே கேட்கும். இந்த இரண்டுக்கும் பரிகாரம் தேடித்தான் டயரை மாற்ற முடிவு செய்தேன்.

முதலில் கணக்குப் போட்டேன். டயரில் எழுதியிருக்கும் 265 என்பது மில்லிமீட்டரில் அகலம். 65 என்பது அந்த அகலத்தில் பக்கச் சுவரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பது. 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். இதன்படி பழைய டயரின் முழு விட்டம் ஏறத்தாழ 776 மி.மீ. 265/70 ஆர் 17 போட்டால் விட்டம் 803 மி.மீ. ஆகும், அதாவது 3.4 விழுக்காடு கூடும். 285/70 ஆர் 17 என்றால் 831 மி.மீ., ஏழு விழுக்காடு கூடுதல். விட்டம் எவ்வளவு கூடினாலும் வண்டி உயர்வது அதில் பாதிதான் என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஆகவே முதல் அளவில் எனக்குக் கிடைப்பது 13 மி.மீ. மட்டுமே. கேட்பதற்குச் சொற்பமாகத் தோன்றினாலும் அந்த 13 மி.மீ.க்குத் தனி மதிப்பு உண்டு. ஹைலக்ஸின் பின் அச்சு ஒரே துண்டாக இருப்பதால், ஸ்பிரிங்கை உயர்த்தினால் உடல்தான் மேலே போகும். டிஃபரென்ஷியல் குண்டு இருந்த இடத்திலேயே இருக்கும். அதைத் தரையிலிருந்து உயர்த்த டயரை விட்டால் வேறு வழியில்லை.

டயர் கடை அண்ணன் 285-ஐத்தான் எடுத்துக் காட்டினார். “தம்பி, இதைப் போட்டுப் பாருங்கள், வண்டியின் கம்பீரமே வேறாக இருக்கும். முன்பக்கம் கொஞ்சம் வெட்டிவிட்டால் உரசாது,” என்றார். அவர் அனுபவத்தை மதிக்கிறேன் என்றாலும் புது வண்டியின் உலோகத்தை வெட்ட எனக்கு மனம் வரவில்லை. வேகமானியும் ஒரு காரணம். பழைய டயரில் வேகமானி 110 காட்டியபோது கைப்பேசியின் ஜிபிஎஸ் 105 காட்டியதை முன்பே குறித்து வைத்திருந்தேன். 265/70-இல் அந்த உண்மை வேகம் 108 அல்லது 109 ஆகும். வேகமானி இன்னும் சற்றுக் கூட்டியே காட்டும். 285/70-இல் அது 112-ஐத் தாண்டிவிடும். அப்போது வேகமானி 110 என்று சொல்லிக்கொண்டிருக்க, நெடுஞ்சாலையின் 110 வரம்பை ஓட்டுநர் அறியாமலே மீறிக்கொண்டிருப்பார். குறைத்துக் காட்டும் வேகமானியோடு கோலகங்சாருக்கும் ஈப்போவுக்கும் இடையில் மெனோரா சுரங்கப்பாதைப் பக்கம் இறக்கத்தில் வருவதை நான் விரும்பவில்லை.

265/70 ஆர் 17 என்று அளவு முடிவான பிறகு வகையைப் பற்றி யோசிக்க வேண்டியிருந்தது. சேற்றுக்கென்றே செய்யப்பட்ட எம்டி வகை களிமண்ணை நன்றாக உதறித் தள்ளும். ஆனால் நனைந்த தாரில் பிரேக் பிடிக்கும்போது அதன் பெரிய ரப்பர்க் கட்டைகளுக்குப் பிடிப்பு குறைவு, இரைச்சலும் அதிகம். என் ஓட்டத்தில் பெரும்பகுதி தார்ச்சாலையில்தான் என்பதால் தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான ஏடி வகையைத் தேர்ந்தெடுத்தேன். பக்கச் சுவரில் மலையும் பனித்துகளும் பொறித்த டயர் சற்று விலை கூடுதலாக இருந்தது. அது பனிச்சாலைப் பிடிப்புக்கான முத்திரை. பேராக்கில் அதற்காகப் பணம் கொடுக்கத் தேவையில்லை. சுவரின் கனத்தைத்தான் பார்த்தேன். அளவு எல்டி (இலகு லோரி வகை) என்று தொடங்கும் டயரின் சுமைக் குறியீடு 121, அதாவது ஒரு டயர் 1,450 கிலோ வரை தாங்கும். பழைய டயரின் 112-க்கு அது 1,120 கிலோ. வெட்டிப் போட்ட மட்டையின் முள்ளும் அடிக்கட்டையும் நிறைந்த தோட்டத்தில், கனத்த சுவர் இருந்தால் மனம் நிம்மதியாக இருக்கும். உற்பத்தித் தேதியையும் பார்த்து வாங்கினேன்: பக்கச் சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசி நான்கு எண்களில் முதல் இரண்டு வாரத்தையும் பின் இரண்டு ஆண்டையும் குறிக்கும். ஐந்து டயருமே வாங்கினேன். இந்த வண்டியை நான்கு சக்கர இயக்கத்தில் போடும்போது முன் அச்சும் பின் அச்சும் இறுகப் பிணைந்துவிடுகின்றன. அந்நேரத்தில் விட்டம் மாறுபட்ட ஸ்பேர் டயர் ஒன்று சுழன்றால் கியர்கள்தாம் அந்த வேறுபாட்டைச் சுமக்க வேண்டியிருக்கும்.

ரிம்மை மாற்றவில்லை. அதனால் டயர் மட்கார்டுக்கு வெளியே நீட்டவில்லை, சாலைப் போக்குவரத்துத் துறையின் விதியிலும் சிக்கலில்லை. காப்புறுதி முகவருக்கு மட்டும் எழுத்தில் தெரிவித்துவிட்டேன்.

உரசுகிறதா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்வது போதாது. வண்டி ஓடும்போது சக்கரம் எங்கே போகிறது என்பது வெளியில் நிற்பவருக்குத் தெரியாது. பிள்ளைகளின் பிளாஸ்டிசினைக் கோலிக்குண்டு அளவில் உருட்டி, முன் சக்கரத்தைச் சுற்றி ஐயத்துக்குரிய இடங்களில் ஒட்டினேன்: பம்பர் மூலையில் வளையும் பிளாஸ்டிக் உறையில் ஒன்று, கேபினைச் சேசிஸோடு இணைக்கும் பிடிமானத்தின் முனையில் ஒன்று, மண்தடுப்பு ரப்பரின் உட்புறத்தில் ஒன்று. பிறகு தோட்டத்து மதகின் ஓரத்தில் ஒரு சக்கரத்தை மட்டும் ஏற்றி, ஸ்பிரிங் அமுங்கிய நிலையில் ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பி முன்னும் பின்னுமாக நகர்த்தினேன், மறுபக்கமும் அப்படியே. பம்பர் மூலை உருண்டை வட்டம் மாறாமல் இருந்தது. பிடிமானத்தின் மேல் இருந்ததும் தப்பியது. மண்தடுப்பு ரப்பரில் இருந்தது அப்பளம்போல நசுங்கி, அதில் டயர் கட்டையின் ஓரமும் அதன் நடுவே உள்ள நெளிகோடும் அப்படியே பதிந்திருந்தன. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பிப் பின்னால் வரும்போது மட்டும் தொடுகிறது என்பது அதில் தெளிவானது. அந்த ரப்பரின் திருகைக் கழற்றிச் சற்றுப் பின்னால் தள்ளிப் பூட்டினேன். அலைன்மெண்ட் செய்தவரிடம் கேஸ்டரை, அதாவது முன் சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வை, அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் கொஞ்சம் கூட்டச் சொன்னேன். கேஸ்டர் கூடினால் சக்கரம் சிறிது முன்னே நகர்ந்து, பிடிமானத்துக்கும் டயருக்கும் இடைவெளி கூடுகிறது.

காற்றழுத்தத்தில்தான் அதிக நேரம் செலவாயிற்று. எல்டி டயர் அதே சுமையைத் தாங்கக் கூடுதல் காற்று கேட்கும் என்பதால் கதவோர ஸ்டிக்கரின் எண்ணை அப்படியே பின்பற்ற முடியாது. டயரின் குறுக்கே சுண்ணக்கட்டியால் பட்டையாகக் கோடு கிழித்து, நேரான தார்ச்சாலையில் சிறிது தூரம் ஓட்டிப் பார்த்தேன். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று மிகுதி. ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு. சுமையில்லாத வண்டிக்கு 35 பிஎஸ்ஐ-யில் கோடு சீராக அழிந்தது. உரமூட்டையோ குலையோ ஏற்றும் நாளில் பின் டயர்களுக்கு 45 வைக்கிறேன். செம்மண் பாதைக்குள் நுழையுமுன் நான்கிலும் 22-க்குக் குறைத்து, வெளியே வந்ததும் சிறு கம்ப்ரசரால் மீண்டும் ஏற்றிக்கொள்கிறேன். மழைக்கு மறுநாள் அதே தடத்தில் 35-இல் ஏறியபோது பின்சக்கரம் நழுவியது. 22-இல் டயர் தரையோடு படிந்து, கட்டைகள் களிமண்ணைக் கவ்வி, நிதானமாக ஏறிவிட்டது. விட்டம் கூடியதால் கிடைத்த நன்மையைவிட டயரின் வகையும் குறைந்த காற்றும் தந்த நன்மை பெரிது என்பது என் தீர்மானம். டிஃபரென்ஷியல் உரசும் ஓசை மட்டும் அந்த 13 மி.மீ.யால் பெரும்பாலும் நின்றது.

இதற்கு விலையும் உண்டு. ஒவ்வொரு சக்கரமும் நான்கு கிலோவுக்கு மேல் கனத்துவிட்டது. 400 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையுள்ள இயந்திரம் என்பதால் சமவெளியில் தளர்ச்சி தெரியவில்லை. சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலையிலுள்ள கம்போங் ராஜாவுக்கு ஏறும்போது கியர் முன்பைவிடச் சீக்கிரம் கீழே இறங்குகிறது. டீசல் செலவைக் கணக்கிடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பெரிய டயர் ஒரு சுற்றில் அதிக தூரம் போவதால் தூரமானி 3.3 விழுக்காடு குறைத்துக் காட்டும். முன்பு லிட்டருக்கு 11.8 கிலோமீட்டர் ஓடிய வண்டி இப்போது 10.7 ஓடுவதாகத் தெரிந்தாலும், திருத்திய கணக்கில் அது 11.1. உண்மையான இழப்பு ஆறு விழுக்காடு. 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் 2 ரிங்கிட் 15 சென்னிலிருந்து 3 ரிங்கிட் 35 சென்னுக்கு ஏறிய பிறகு, இந்த ஆறு விழுக்காட்டையும் எண்ணிப் பார்த்துத்தான் டயர் வாங்க வேண்டும். எனக்கு அது ஏற்புடையதாகவே இருக்கிறது.

சக்கர நட்டுகளை முதல் சில நாள் ஓட்டத்துக்குப் பின் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரால் மீண்டும் சோதித்தேன், எதுவும் தளரவில்லை. ஐந்து டயரின் கட்டை ஆழத்தையும் இப்போதே அளந்து நோட்டில் எழுதியிருக்கிறேன். அடுத்த சர்வீஸில் டயர்களை இடம் மாற்றும்போது ஸ்பேரையும் சுழற்சியில் சேர்க்கப் போகிறேன். ஐந்தும் ஒரே அளவில் தேய்ந்தால்தான், நடுவழியில் ஒன்று கிழிந்தாலும் நான்கு சக்கர இயக்கத்தைத் தயங்காமல் போட முடியும்.